என் நாத்தனாரின் சிவப்பு அம்பு

என் நாத்தனார் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னல் திரையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். வெளிப்பக்கத்தில் அவருக்கு அக்கறை கிடையாது. உள்பக்கத் தையல் நேராக ஓடியிருக்கிறதா, ஓரம் மடித்துத் தைத்திருக்கிறதா, எங்காவது நூல் தொங்குகிறதா, அதுதான் அவருக்கு வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நான் அவரை முதல்முறை பார்த்த அன்று, ஆசையாகக் கையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்து நானும் கையை நீட்டினேன். அவர் என் சட்டைக் கையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே ரெண்டு தையல் விட்டிருக்கிறது, இன்னும் நாலு தடவை துவைத்தால் பிரிந்துவிடும் என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. சட்டை அவர் சொன்னபடியே பிரிந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் பிடிக்காமல் போனது.

இன்றைக்கு அதே வாயால் அவரைப் பற்றிப் பெருமை பேச உட்கார்ந்திருக்கிறேன். நான் பல்டி அடித்துவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும். எனக்கு ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. வலியை மென்று விழுங்கிக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் கன்னம் வீங்கி வந்து நிற்கிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். அப்படித் தள்ளிப்போடாத ஒரு மனுஷியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்குக் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து முடித்த துணி பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அவருடைய மேஜைக்கு வரும். தலைக்கு மேலே தாழத் தொங்குகிற டியூப்லைட், வெள்ளை ஷீட் ஒட்டிய நீள மேஜை, கழுத்தில் இஞ்ச் டேப், விரலில் நாடா போட்டுக் கட்டிய சின்ன நூல்கத்தரி. நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. காலர், தோள், கை, பக்கவாட்டு, அடிமடிப்பு என்று ஒரு சுற்று, பிறகு உள்ளே வெளியே திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று. நன்றாக இருந்தால் "ஓகே பீஸ்" என்று வலதுபக்கம் வைப்பார். குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தையல்காரருக்கே திருப்பி அனுப்புவார். ஒன்றும் செய்ய முடியாததுதான் ரிஜெக்ட் கூடைக்குப் போகும்.

அம்பையும் ரிஜெக்டையும் யாராவது குழப்பினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். புதிதாக வருகிற பெண்கள் அம்பைப் பார்த்ததும் முகம் வாடி நிற்பார்கள். அம்பு ஒட்டினது கெட்ட பீஸ் இல்லை, பார்க்க வேண்டிய பீஸ் என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே அவருடைய தொண்டை கட்டிப்போனது.

அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனால் பின்னாலேயே அம்புகளைத் தேடி எடுப்பது எனக்கு ஒரு வேலை. பிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்த இடத்தில் ஒன்று, சொட்டுகிற குழாயில் ஒன்று, என் வீட்டுக்காரரின் ஹெல்மெட் வாரில் ஒன்று. ஒருமுறை வீட்டுக்காரர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தபோது தலையில் முடி கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று. அதோடு அவர் கடைத்தெருவுக்கே போய்விட்டு வந்தார். ஆனால் இத்தனை வருடத்தில் என் வீட்டில் ஒரு பொருளுக்குக்கூட நாத்தனார் வாயிலிருந்து "ஓகே பீஸ்" வந்ததில்லை, நான் செய்த சமையல் உட்பட.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர்களுடைய அம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். அப்பா அதற்கு முன்பே இல்லை. அக்கா கம்பெனியில் சேர்ந்து தம்பியைப் படிக்க வைத்து, மோட்டார் வைண்டிங் கற்றுக்கொள்ள அனுப்பி, கடை வைத்துக் கொடுத்தார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை துணிந்து கேட்டேன். பார்த்த ஆட்களில் ஓகே பீஸ் எதுவும் வரவில்லை என்றார். இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறார். எப்போதும் ரப்பர் வாசனை அடிக்கிற அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி, அதுவும் வருகிறவர்களுக்காக.

கம்பெனியில் அவர் பெயர் நிலைத்தது ஒரு நூல் விஷயத்தில். ஒரு சமயம் சட்டையின் தோள் தையல் லேசாக இழுத்தாலே விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்ததும் அதைத் தைத்த பெண்ணைச் சூப்பர்வைசர் வாயில் வந்தபடி திட்டினார். சாப்பாட்டு நேரத்தில், அடுத்த ஹாலில் பேண்ட் பார்க்கிற செக்கர், தன் மேஜையில் பாக்கெட் பிரிகிறது என்று பேச்சோடு பேச்சாகப் புலம்பினாள். அங்கே பாக்கெட், இங்கே தோள். ஹால் வேறு, மெஷின் வேறு, ஆள் வேறு. இரண்டையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றவில்லை. என் நாத்தனார் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய் இரண்டு பீஸையும் அக்கம்பக்கமாகப் போட்டுப் பார்த்தார். இரண்டிலும் ஒரே பெட்டியிலிருந்து வந்த நூல், அந்த நூல் இற்றுப்போயிருந்தது.

அவர் யாரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்ததும் இரண்டு ஹாலின் மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டார். மேனேஜர் ஓடிவந்து, லைனை நிறுத்த நீ யார் என்று கத்தினார். இவர் இரண்டு பீஸையும் அவர் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். மேனேஜர் இழுத்தார், இரண்டும் கையோடு வந்தன. திட்டு வாங்கிய பெண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் என் நாத்தனார் நிறுத்து என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்டவர் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் சும்மா இருப்பாரா. மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆன பிறகு ஒருநாள் துணியில் லேசாக ரத்தக் கறை. நானாக இருந்தால் உடம்புச் சூடு என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் மறுநாளே அரைநாள் லீவு போட்டார். அவர் லீவு போட்டார் என்று கேட்டதுமே நானும் லீவு சொல்லிவிட்டேன். கூடப் போனேன்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார், கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். அம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, ரெண்டு பேருக்கும் கர்ப்பப்பையில் என்று நாத்தனார் சொன்னார். வேறு யாருக்கும் இல்லை என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம். கர்ப்பப்பையையும் கருமுட்டைப் பைகளையும் எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அவருக்குக் கொடுத்த பச்சை அங்கியை அவர் போட்டுக்கொள்வதற்கு முன்பே திருப்பிப் பார்த்து, ஓரம் அடிக்கவே இல்லை என்று நர்ஸிடம் குறை சொன்னார். நர்ஸ் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் உள்ளே போன பிறகு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இந்த மனுஷி போய்விட்டால் என் வீட்டில் குறை சொல்ல யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

நல்லபடியாகத் தேறி வந்தார். கதை அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் எடுத்த சதையைச் சோதித்ததில் வேறொரு சந்தேகம் வந்தது. இது பரம்பரையாக வருகிற வகையாக இருக்கலாம், ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவோம் என்று டாக்டரம்மா எங்களை மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் கண்ணாடி போட்ட ஒரு இளம்பெண். அவசரமே இல்லாமல் பேசினாள். அம்மா பக்கம், அப்பா பக்கம், ஆண், பெண், எந்த இடத்தில் வந்த புற்றுநோயாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றாள். கர்ப்பப்பை மட்டும் இல்லை, குடலில் யாருக்காவது, வயிற்றில் யாருக்காவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் நாத்தனார் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, மாமாவுக்கு என்றார்.

அவருடைய தாய்மாமா லாரி டிரைவர். நல்ல வயதில், பெருங்குடலில் கட்டி வந்து செத்துப்போனார். நேரத்துக்குச் சாப்பிடாமல் வண்டி ஓட்டியதால் வந்தது என்று குடும்பத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வந்தது பொம்பளை வியாதி, மாமாவுக்கு வந்தது டிரைவர் வியாதி. யாருமே அவற்றை ஒன்றாக வைத்துப் பேசியதில்லை.

"ரெண்டு டேபிள்ல வச்சுட்டேன்," என்றார் நாத்தனார். ஆலோசகருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "நூல் ஒண்ணுதான்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான். என் வீட்டுல மாமாவத் தனி டேபிள்ல வச்சுட்டு உக்காந்திருக்கேன்."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவருக்குப் பரம்பரைக் கோளாறு இருப்பது உறுதியானது. ஆலோசகர் எங்களுக்கு விளக்கினாள். உடம்பில் உயிரணுக்கள் ஓயாமல் தங்களைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும், பிரதி எடுக்கும்போது தப்பு விழும், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்கென்றே சில மரபணுக்கள் உண்டு. அதில் ஒன்று இவர்களுக்குப் பிறவியிலேயே பழுது. அதனால் தப்புகள் சேர்ந்துகொண்டே போய்ப் புற்றுநோயாக மாற வாய்ப்பு அதிகம். பெண்களுக்குக் கர்ப்பப்பையிலும், ஆண் பெண் இருவருக்கும் குடலிலும். வந்தே தீரும் என்று இல்லை, ஆனால் மற்றவர்களைவிட ரொம்ப அதிகம்.

அதாவது உள்ளே செக்கர் லீவு என்றார் நாத்தனார். நாள் முழுக்க ஊரார் துணியில் தப்புப் பார்க்கிறவள் உடம்பில் தப்புப் பார்க்க ஆளில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஆலோசகருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, இனிமேல் வருகிறவர்களுக்கு அப்படியே சொல்லப்போவதாகச் சொன்னாள். பிறகு முக்கியமானதைச் சொன்னாள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்று பார்க்காது. ஆணுக்கு வந்தாலும் அவன் மகளுக்குப் போகலாம்.

வெளியே வந்து படியில் நின்றோம். நாத்தனார் என்னைப் பார்த்தார். அவர் எதைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஒரே தம்பி, அந்தத் தம்பிக்கு ஒரே மகள், அவளைப் பெற்றவள் நான்.

என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அக்கா, எனக்கு எங்க இருக்கு கர்ப்பப்பை?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த ஜோக் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், நாத்தனார் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அதையே எடுத்துவிட்டார். சிரிப்புக்குப் பின்னால் இருந்தது பயம். அம்மா கிடந்த படுக்கையை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். எனக்கும் பயம், ஆனால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். என் பெண் கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது இந்தக் குடும்பத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்று நாமே தண்டோரா போடுவதா என்று நாத்தனாரிடம் கத்தினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அப்படிப் போனது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சில வாரம் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. குழாய் சொட்டியது. அம்பு ஒட்ட ஆளில்லை.

ஒருநாள் மதியம் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போயிருந்தேன். கடை என்றால் ஒரு நீளமான அறை. தரையெல்லாம் பிரித்துப்போட்ட மோட்டார்கள், சுவரில் செம்புக் கம்பிச் சுருள்கள், எந்நேரமும் வார்னிஷ் நெடி. அவர் வைண்டிங் மெஷினில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தர் ஸ்டூலில் காத்திருந்தார். நாத்தனார் கம்பெனி ஏப்ரனோடு உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகச் சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மெஷின் நின்றது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி ஓய்ந்தது.

"லைன நிறுத்திட்டேன்," என்றார். "ரத்தம் குடுத்துட்டு வா, அப்புறம் போடறேன்."

என் வீட்டுக்காரர் வழக்கமான ஜோக்கை எடுத்துவிட்டார். மோட்டார்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நாத்தனார் சிரிக்கவில்லை. பையிலிருந்து சுருளை எடுத்து, ஒரு அம்பைக் கிழித்து, தம்பியின் சட்டையில் வயிற்றுக்கு நேராக ஒட்டினார்.

"மாமாவுக்கும்தான் கர்ப்பப்பை இல்ல. போய்ட்டாரு. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, என்கிட்ட வந்தது என்னோட முடிஞ்சுது. நான் வாய மூடிக்கிட்டு என் வேலையப் பாத்துட்டுப் போயிருக்கலாம். உனக்கு ஒரு பொண்ணு இருக்கா. உன்கிட்ட இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாதான் அவளுக்கு வழி தெரியும். நீ சிரிச்சுட்டே உக்காந்திருந்தா அவ யார்கிட்டப் போய்க் கேப்பா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து சட்டையில் இருந்த அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. ஸ்டூலில் இருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து, போய்விட்டு வாருங்கள், மோட்டார் எங்கே ஓடிவிடப்போகிறது, ஓடியிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேனே என்றார். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் ஷட்டரைப் பிடித்துப் பாதி இறக்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துச் செய்யவில்லை. பெண்ணின் கல்யாணம், ஊர்ப்பேச்சு எல்லாம் அந்த நிமிஷம் எனக்கு மறந்துபோனது. அவர் வெளியே வந்ததும் மிச்சத்தையும் இறக்கிப் பூட்டினேன். சட்டையில் அம்போடுதான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அவருக்கும் இருந்தது. அடுத்து குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனை. அதற்கு முதல்நாள் குடிக்கச் சொல்லி ஒரு மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு அவர் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நானும் என் பெண்ணும் சிரித்துச் சிரித்துக் களைத்தோம். கர்ப்பப்பை ஜோக்குக்குப் பழி தீர்ந்தது. பரிசோதனையில் குடலில் சில சதை முளைகள் இருந்தன. அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒன்று மட்டும் மாற ஆரம்பித்திருந்தது, இன்னும் சில காலம் விட்டிருந்தால் புற்றுநோயாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மாமாவுக்கு வந்த அதே இடத்துக்குப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அந்தச் சட்டையைத் தேடி எடுத்தார். அம்பைப் பிய்க்காமல் மடித்து அலமாரியில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது, துவைக்கவும் விடமாட்டார்.

நாத்தனார் அதோடு விடவில்லை. மாமாவின் பிள்ளைகள் இருவர் வேறு ஊரில் இருந்தார்கள். பழைய வீட்டுச் சண்டை ஒன்றில் முகம் முறிந்து பேச்சுவார்த்தையே இல்லை. ஒரு லீவு நாளில் பஸ் ஏறிப் போனார், துணைக்கு நானும் போனேன். மூத்தவன் கதவைப் பாதி திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டான். எனக்கு ஒன்றும் வேண்டாம், உனக்குத்தான் வேண்டும் என்று வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் அவன் கதவைச் சாத்திவிட்டான். இளையவன் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் மூத்தவனைப் பற்றி வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். முதல்முறை லைனை நிறுத்தியபோது மேனேஜரும் கத்தத்தான் செய்தார் என்று மட்டும் நாத்தனார் சொன்னார். சில மாதம் கழித்து அந்த மூத்தவனே போன் செய்து, எந்த ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று கேட்டான்.

இத்தனை பேரை இழுத்துக்கொண்டு போனவர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி வாயைத் திறக்கவில்லை, என் பெண்ணிடம். அவள் வயதுவந்தவள், தெரிந்துகொள்ள வேண்டுமா, எப்போது தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் முடிவு, யாரும் நெருக்கக் கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருந்தாள். நாத்தனார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வருவார், திரையைத் திருப்புவார், குழாயில் அம்பு ஒட்டுவார், அவளிடம் படிப்பைப் பற்றிக் கேட்பார், போய்விடுவார். நான்தான் தவித்தேன். அவர் அடக்கிக்கொள்கிறாரே, நாமும் அடக்கிக்கொள்வோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

படிப்பு முடித்து வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் அவளே சொன்னாள். "அம்மா, நான் டெஸ்ட் குடுக்கப் போறேன். நீயும் வா, அத்தையும் வரட்டும்."

முடிவு வந்த அன்று மூன்று பேரும் போனோம். ஆலோசகர் சுற்றி வளைக்கவில்லை. அவளுக்கும் இருந்தது. குடலுக்கான பரிசோதனையை இப்போதிலிருந்தே முறையாகச் செய்துகொள்ள வேண்டும், கர்ப்பப்பையில் எந்த மாறுதல் தெரிந்தாலும் உடனே வர வேண்டும், கல்யாணம் குழந்தை எல்லாம் அவள் விருப்பப்படி, அதெல்லாம் முடிந்து பிற்பாடு வேண்டுமென்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதைப் பற்றி யோசிக்கலாம், இப்போது எந்த அவசரமும் இல்லை என்றாள். எல்லாம் காதில் விழுந்தது. எதுவும் உள்ளே போகவில்லை.

வெளியே நடைபாதையில் வந்ததும் அழப்போவது நான்தான் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தேன். அழுதது நாத்தனார். ஆபரேஷனுக்குப் போனபோது அழாதவர், சுவரில் சாய்ந்துகொண்டு முந்திக்கொண்டு வந்த அழுகையை அடக்க முடியாமல் நின்றார்.

"எங்க அம்மாகிட்ட இருந்து உன் வரைக்கும் வந்துடுச்சே," என்றார்.

என் பெண் அவர் கைப்பையைத் திறந்து, ஸ்டிக்கர் சுருளை எடுத்து, ஒரு அம்பைக் கிழித்துத் தன் சட்டையில் வயிற்றுப் பக்கம் ஒட்டிக்கொண்டாள். "இங்க பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதானே அத்தை? ரிஜெக்ட் கூடையிலயா போட்டுட்டாங்க? அம்பு ஒட்டினது கெட்ட பீஸ் இல்லன்னு நீதானே சொல்லுவ."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். பழக்க தோஷத்தில் அவள் காலரை இழுத்து நேராக்கினார், தோளைத் தடவினார், கையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஓகே பீஸ்," என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை. நான் செய்ததில் ஒன்றுக்காவது ஓகே கிடைத்ததே என்று அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் கைக்குட்டை எனக்குத் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு என் பெண்ணும் அவள் அப்பாவும் அத்தையும் தவணை தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நாத்தனாருக்குக் கர்ப்பப்பை போனாலும் குடல் இருக்கிறதே. மருந்து குடித்துவிட்டு ஓடுகிற நாள் வந்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், இருப்பது ஒரே கழிப்பறை. என் பெண் தன்னுடன் வேலை செய்கிறவர்களிடம் இதைப் பற்றி ஒளிக்காமல் பேசுகிறாள். உங்கள் வீட்டில் யார் யாருக்கு என்ன வந்தது, ஆண்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று அவர்களைக் கேட்கிறாள். அத்தையின் குரல் அப்படியே வருகிறது. கல்யாணப் பேச்சு வந்தபோதும் அவளே முதலில் இதைச் சொன்னாள். ஒருத்தன் ஓடினான். அடுத்து வந்தவன் உட்கார்ந்து கேட்டான், கேட்டுவிட்டுத் தன் அப்பா பக்கத்தில் என்னென்ன வியாதி என்று விசாரிக்கப் போயிருக்கிறான். நாத்தனார் அவன் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டார், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போன முறை பரிசோதனைக்கு என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நானும் நாத்தனாரும் போயிருந்தோம். அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். நாங்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நின்றே பழகியவர் என்பதால் நாத்தனாருக்கு உட்கார்ந்தால் கால் நிலைகொள்ளாது, ஆட்டிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி தலையை நீட்டி, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, பொண்ணோட அம்மா யார், உள்ளே வாங்க என்றாள்.

சுத்தமாக இருக்கிறது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நாங்கள் இரண்டு பேருமே எழுந்துவிட்டோம். நாத்தனார் ஒரு அடி எடுத்து வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தார். சட்டென்று நின்று, தப்புச் செய்துவிட்டவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"நீங்க போங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துகொண்டேன்.